மூன்று தப்பு

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம், காது மட்டும் போன கடிதத்தில் விட்ட இடத்திலேயே இருக்கிறது. உன் கண் எப்படி? கட்டுப் பிரித்தாயிற்றா? ஆறு மாதம் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக மருமகன் எழுதியிருந்தான். கவலைப்படாதே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவளுக்குக் காது இருக்கிறதே, போதாதா? எனக்கு நேர்மாறு. அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே காது போயிற்று. இப்போது அதே அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். நம் இரண்டு பேரையும் கூட்டினால் ஒரு முழு ஆள் தேறும்.

விஷயத்துக்கு வருகிறேன். 'தபால்பெட்டி ஒன்பது' மறுபடியும் டிவியில் வருகிறது! வருகிற பதினைந்தாம் தேதியிலிருந்து சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு. பேப்பரில் பார்த்ததும் கையிலிருந்த புரூப்பில் டீயைக் கொட்டிவிட்டேன். அதே கறுப்பு வெள்ளை, அதே தபால்காரர், அதே டைப்பிஸ்ட். உளவாளிகளுக்குப் பெயரே வைக்காமல் இருபத்தாறு எபிசோட் எடுத்தார்களே, இன்று யாருக்காவது அந்தத் தைரியம் வருமா?

கீழ்வீட்டுப் பல் டாக்டரை நினைத்துக்கொண்டேன். அவர் நோயாளிகள் காத்திருக்கும் அறையில்தானே அந்தக் கட்டிடத்தின் ஒரே டிவி இருந்தது? புதன்கிழமை வந்தால் நீயும் நானும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவோம். பதினோராவது வாரம் மனுஷன் பொறுமையிழந்து என் நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார். நான் அலறியபோதும் நீ திரையை விட்டு எழுந்து வரவில்லை. அதை நான் மறக்கவில்லை.

ஒரு யோசனை. நீ கேட்டதை எழுது, நான் பார்த்ததை எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "கேக்குதா?" என்பதும் நான் "ஆங்?" என்பதுமாகவே பொழுது போய்விடும்.

உன் தம்பி

பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். சொல்வது நான், எழுதுவது என் மருமகள். உடம்பு தேறி வருகிறது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. யார் வந்தாலும் செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறேன். உன் காதுக்கு அந்த மெஷினை மாட்டிக்கொண்டால் என்ன? மேஜை டிராயருக்கா காது கேட்கவில்லை?

முதல் இரண்டு எபிசோடும் கேட்டேன். டைப்பிஸ்ட் தட்டும்போது ஒரு எழுத்து சிக்கி, கொஞ்சம் தாமதமாக விழுகிறது. அந்த நாளில் நாம் இதைக் கவனிக்கவே இல்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். 'விருந்தாளி' எபிசோட் எப்போது வரும் என்று எண்ணிச் சொல்.

(சித்தப்பா, இது நான். "அட மண்டு" என்று ஆரம்பிக்கச் சொன்னார்கள். நான்தான் "அன்புத் தம்பி" என்று மாற்றினேன். ஒரு சந்தோஷச் செய்தி: இவருக்கு வெளிநாட்டில் வேலை உறுதியாகிவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் கிளம்புகிறோம். அத்தையும் எங்களோடுதான். இந்த வயதில் தனியாக விட்டுவிட்டுப் போவோமா? அங்கே கண்ணுக்குப் பெரிய பெரிய டாக்டர்கள் இருக்கிறார்களாம். இதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். "எழுதிட்டியா? சரி, ஒட்டிடு" என்கிறார்கள்.)

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் எல்லோருக்கும் என் வாழ்த்து. பெற்றால் இப்படிப் பிள்ளையைப் பெற வேண்டும், எடுத்தால் இப்படி மருமகளை எடுக்க வேண்டும். உன் பாக்கியம் யாருக்கு வரும்? நீ அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாய் போலிருக்கிறது.

நேற்று நாலாவது எபிசோட். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அக்கா! கர்னல் துப்பாக்கியை எடுக்கும்போது மணி நாலு பத்து. சுடும்போது மூன்று ஐம்பது. இருபது நிமிஷம் பின்னால் போய்ச் சுடுகிறார். இவர்களுக்கு ஒரு பிழை திருத்துபவன் இல்லாமல் போய்விட்டான். தபால்காரர் வலது காலை இழுத்து நடப்பதைப் பார்த்தேன். ஒரு மாதம் நான் அப்படியே நடந்து அப்பாவிடம் வாங்கியது ஞாபகம் வந்தது. சத்தம்தான் இல்லை. அந்தச் சண்டையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுது. 'விருந்தாளி' மே 17ஆம் தேதி வரும்.

உன் தம்பி

ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நான் நன்றாக இருக்கிறேன். எல்லோரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மருந்து, முதுகுக்குத் தலையணை. ஒரு குறையும் இல்லை.

தொடர் கேட்கிறேன். தபால்காரர் இடது காலை இழுத்து நடப்பது பாவமாக இருக்கிறது. அந்தத் தையற்காரர் கடையில் உட்கார்ந்து நாம் இதைப் பார்த்தது நினைவுக்கு வருகிறது. சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறேன். நாலு பூந்தொட்டி இருக்கிறது, வாசனை வருகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

(பதில் தாமதமானதற்கு நான்தான் காரணம், சித்தப்பா. விண்ணப்பம், போட்டோ, சாமான் ஒதுக்குவது என்று அலைச்சல். மருந்துக்கடையில் எனக்கு லீவும் கிடைக்கவில்லை. அத்தை இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. கண் வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள்.)

அக்கா

ஏப்ரல் 19

அக்கா!

சுகம், சுகமறிய எல்லாம் அப்புறம். உனக்கு என்ன ஆயிற்று? நானூறு டெலிபோன் நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தவளா இப்படி எழுதுகிறாள்? பிழையைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும் என்று உனக்குத் தெரியும். ஆகவே உன் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று, இடது கால் இல்லை, வலது கால். அதற்காக அடி வாங்கியவன் நான். இரண்டு, தையற்காரர் கடையா? என் பல் எங்கே போயிற்று, அவர் ஊசி குத்தியா விழுந்தது? மூன்று, மூன்றாம் மாடியில் இருக்கும் உன் வீட்டுக்குப் பால்கனியே கிடையாதே! கட்டியவன் அதை மறந்துவிட்டான் என்று இருபது வருஷம் புலம்பியவள் நீதான்.

வெளிநாடு போகிற குஷியில் தலைகால் புரியவில்லை போலிருக்கிறது. அங்கே போய் இந்த மண்டுத் தம்பியை மறந்துவிடாதே. உன் கண்ணுக்கு இளநீலக் கண்ணாடி நல்லது என்று எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் சொல்கிறார். டாக்டரிடம் கேட்டுப் பார்.

உன் தம்பி

மே 4

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நான் நலம். கண்ணாடி பற்றி டாக்டர் பிறகு சொல்கிறேன் என்றார்.

நீ திருத்தி அனுப்பியதை மருமகள் படித்துக் காட்டினாள். ரொம்பச் சந்தோஷம். தபால்காரரும் இப்படிச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தால், டைப்பிஸ்ட் பாவம், இன்னும் அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். அவருக்கு உன்னளவு படிப்பு இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

தொடரில் மொத்தம் பன்னிரண்டு எபிசோட்தானே, சீக்கிரம் முடிந்துவிடும். நீ சின்ன வயதில் அப்பாவிடம் ஒரு அடிகூட வாங்கியதில்லை, அவ்வளவு நல்ல பிள்ளை. நம் தங்கைதான் வாங்குவாள். அவளை நினைத்துக்கொண்டேன். இப்போது பேனாவை எடுக்காமல் படி.

(சித்தப்பா, அத்தைக்குத் தங்கை இருந்ததாக எனக்குத் தெரியாது. "அப்படியே எழுது" என்றார்கள், எழுதிவிட்டேன். நேற்று இரண்டு பேர் வாடகைக்கு வீடு பார்க்க வந்தார்கள். அத்தை படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் போன பிறகுதான் உள்ளே வந்தார்கள்.)

அக்கா

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. நேற்று 'விருந்தாளி' பார்த்தேன்.

எல்லாம் ஞாபகம் இருந்தது, தலையாய விஷயம் மட்டும் மறந்து தொலைத்திருக்கிறேன். குன்றின்மேல் அந்தப் பெரிய வீடு. கையில் தீக்காயக் கட்டோடு, விருந்தாளி என்று சொல்லி அனுப்பாமல் வைத்திருக்கும் டைப்பிஸ்ட். அவள் சொல்லச் சொல்ல அந்த வீட்டுப் பெண் கடிதம் எழுதுகிறாள். தப்பே செய்யாத டைப்பிஸ்ட் தப்புத் தப்பாகச் சொல்கிறாள். அங்கே ஆபீசில் தபால்காரர் கடிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உதட்டைப் பார்த்ததுமே வசனம் வந்துவிட்டது: "ஒரு தப்புன்னா கவனக்குறைவு. ரெண்டு தப்புன்னா களைப்பு. மூணு தப்புன்னா கூப்பிடுறா." உடனே சலவை வண்டியில் ஏறிப் போய் அவளைக் கூட்டி வந்துவிடுகிறார்.

எழுந்து போய் உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். பிறகு சிவப்புப் பேனாவைக் குப்பைக்கூடையில் போட்டேன். இத்தனை வருஷம் பிழையைத் திருத்தத்தான் பழகியிருக்கிறேன், ஒரு தடவையாவது படித்திருக்கிறேனா?

தொடரைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம். டைப்பிஸ்ட்டுக்கு என்னதான் வேண்டும்? அந்த வீட்டில் அவளை யாராவது அடித்தார்களா, பட்டினி போட்டார்களா? அதை மட்டும் விளக்கமாக எழுது.

பல் டாக்டர் என் பல்லைத் தொட்டதே இல்லை. எனக்குக் காது பிரமாதமாகக் கேட்கிறது. நம் தங்கையும் உன்னை விசாரித்தாள். புரிந்ததா?

உன் தம்பி

மே 31

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உன் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். தங்கை விசாரித்ததில் சந்தோஷம்.

டைப்பிஸ்ட்டைப் பற்றிக் கேட்டாய். அந்த வீட்டில் அவளை யாரும் அடிக்கவில்லை. தங்கமான மனிதர்கள். கேட்டுப் பார், வாசல் கேட் திறந்தே கிடக்கிறது, காற்றில் ஆடுகிற சத்தம் வருகிறது. கெட்டவர்களாக இருந்தால் கத்திவிடலாம். தலையணையைச் சரி செய்கிறவளிடம் போய் எப்படிக் கத்துவது? "நாங்க எங்க போனாலும் உங்களையும் கூட்டிட்டுப் போவோம்" என்கிறார்கள். அது அவர்கள் பிரியம். ஆனால் அவளுக்குத் தன் மேஜை வேண்டும், தன் மெஷின் வேண்டும், தன் படிக்கட்டு வேண்டும். நாற்பத்திரண்டு படி, தம்பி. கண்ணை மூடிக்கொண்டு இறங்குவாள். எந்தப் படியில் சிமெண்டு பெயர்ந்திருக்கிறது என்று அவள் காலுக்குத் தெரியும். பால்காரரின் குரல் தெரியும், கீழ்வீட்டுக்காரியின் இருமல் தெரியும். புது இடத்தில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், அதுவும் இந்தக் கண்ணோடு.

"வர்றியா?" என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காதபோது தானாக எப்படிச் சொல்வது? அவ்வளவு நல்லவர்கள் முகம் வாடிவிடுமே. அவளுக்குப் பயம்.

நீ ஒன்று சொல். கடிதம் எழுதிக்கொடுத்த அந்தப் பெண், உறையை ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு விநாடி சத்தமே இல்லை. அப்போது படத்தில் என்ன நடக்கிறது?

(அத்தை இவ்வளவு பேசி நாளாயிற்று, சித்தப்பா. என் கை வலித்துவிட்டது. ஜூன் 28 அன்று அத்தையை அழைத்துப் போய் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அதன்பிறகு எல்லாம் முடிவாகிவிடும்.)

அக்கா

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் விளக்கம் கிடைத்தது. எனக்குத் தபால்காரர்மேல்தான் கோபம். மூன்றாவது தப்பு வரை அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார்? முதல் செய்தி வந்த அன்றே "உன் பாக்கியம்" என்று வாழ்த்து அனுப்பிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர்தானே? அவரும் அவளைக் கேட்கவில்லை. கூடப் பிறந்த பாவத்துக்காவது கேட்டிருக்க வேண்டும்.

அந்த இரண்டு விநாடியைப் பற்றி: அவள் கை நிற்கிறது. உறை உதட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முகத்தைக் காட்டாமல் கேமரா ஜன்னலுக்குப் போய்விடுகிறது. என் கட்சி, அவளுக்கு ஒன்றும் தெரியாது. பசை கசந்திருக்கும், அவ்வளவுதான். சின்னப் பெண், சூதுவாது அறியாதவள்.

நிற்க. எனக்குப் பல்வலி தாங்கவில்லை. உங்கள் ஊரில் நல்ல டாக்டர் இருக்கிறாராமே. ஜூன் 24 அன்று வருகிறேன். சலவை வண்டி கிடைத்தால் சலவை வண்டி, இல்லாவிட்டால் ரயில்.

உன் தம்பி

ஜூன் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இது அத்தை சொல்லி எழுதுவது அல்ல. நானே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம்.

எழுதிக்கொடுத்தவளுக்குத் தெரியும், சித்தப்பா. கை நின்றது பசை கசந்ததால் இல்லை.

பால்கனியில் நாலு பூந்தொட்டி என்று அத்தை சொன்னபோதே என் பேனா நின்றது. இந்த வீட்டைத் தினமும் பெருக்குகிறவள் நான், பால்கனி இருந்தால் எனக்குத் தெரியாதா? கண்ணோடு சேர்ந்து நினைவும் போகிறதோ என்று பயந்துபோனேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை. அப்புறம் இல்லாத தங்கை வந்தாள். தபால்காரர், டைப்பிஸ்ட் என்று உங்களைக் குத்திக் காட்டினார்கள். நினைவு போனவர்கள் அப்படிப் பேசுவார்களா? மே 17 அன்று மருந்துக்கடை முதலாளியின் சின்ன டிவியில் நானும் 'விருந்தாளி' பார்த்தேன். அரை மணி நேரம் ஒருவருக்கும் மருந்து கொடுக்கவில்லை, திட்டு வாங்கினேன்.

முதலில் அழுகை வந்தது. அப்புறம் கோபம். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் நான் அந்தக் குன்றுவீட்டுப் பெண்தானா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். அடுத்த கடிதத்தில் "யாரும் அவளைக் கேட்கவில்லை" என்று அத்தை சொல்ல, நானே என் கையால் எழுதினேன். அப்போதும் கேட்காமல் ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன். என்ன பதில் வரும் என்று எனக்கும் பயம்தான்.

உங்கள் பல்வலிக் கடிதத்தைத் திங்கட்கிழமை படித்துக் காட்டினேன். முடித்ததும் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "அத்தை, நீங்க எங்ககூட வர்றீங்களா?"

"நீ கோவிச்சுக்க மாட்டியே?" என்றார்கள்.

"மாட்டேன்."

"வரலடி. நீங்க போயிட்டு வாங்க."

கோவிச்சுக்க மாட்டேன் என்று சொன்னேனே தவிர, அன்று முழுக்க நான் சரியாக இல்லை. சமையலறையில் ஒரு டம்ளரை உடைத்தேன். இவர் இரண்டு நாள் வீட்டுக்கு லேட்டாகவே வந்தார். மூன்றாம் நாள் காலையில் ஆளைக் காணோமே என்று தேடினால், படிக்கட்டில் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு படி விளிம்பிலும் வெள்ளைப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு படிக்கும். பெயர்ந்திருந்த சிமெண்டையும் பூசிவிட்டார். அதற்கு அத்தை, "அடையாளத்தையே பூசிட்டானே" என்று திட்டினார்கள்.

பல்வலி எல்லாம் வேண்டாம், சித்தப்பா. பெட்டியோடு வாருங்கள். ஆகஸ்ட்டிலிருந்து எங்கள் அறை காலி. அத்தையைத் தனியாக விட்டுப் போனேன் என்ற குறை எனக்கு இல்லாமல் இருக்க வேண்டும். காது மெஷினை டிராயரிலிருந்து எடுத்துக்கொண்டு வரவும்.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 30

என் மருமகளுக்கு,

ஆசீர்வாதம். டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு இருக்கும், பொறுத்துக்கொள். நீங்கள் இருவரும் சுகமா? அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? அவன் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்கிறானா?

உன் சித்தப்பா அச்சகத்து வேலையை விட்டுவிட்டு மூன்று பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறார். இரண்டில் பழைய பேப்பர். தொடர் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடுகிறார்கள், சனிக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் உட்கார்ந்துவிடுகிறோம். அவர் பார்த்ததைக் கத்துகிறார், நான் கேட்டதைக் கத்துகிறேன். கீழ்வீட்டுக்காரி, சண்டையா என்று மேலே வந்து பார்த்துவிட்டுப் போனாள். காது மெஷின் இந்த வீட்டு டிராயருக்கு மாறியிருக்கிறது. இந்தக் கடிதத்தையும் திருத்தித் தருகிறேன் என்று பின்னாலேயே நின்றார். பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

உன்னிடம் நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், உன் கையாலேயே உனக்குத் தெரியாமல் எழுத வைத்தேன். அது தப்பு, அது மட்டும் கணக்கில் சேராத தப்பு. மன்னித்துக்கொள். உறையை நீ ஒட்டாமல் வைத்திருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்?

மற்றபடி இங்கே விசேஷம் இல்லை. உன் சித்தப்பாவின் சமையல் அமிர்தமாக இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் படிக்கட்டில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. உன் நினைவு எனக்கு வருவதே இல்லை.

எண்ணிப் பார்த்துவிட்டு, எப்போது லீவு கிடைக்கும் என்று எழுது.

அத்தை